கணக்கு வேலை அலுத்துவிட்டது என்று எழுதிய தேவகோட்டைத் தம்பிக்கு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 28, தேவகோட்டைக்காரர். பி.காம். முடித்து, சி.ஏ. என்கிற பட்டயக் கணக்காளர் படிப்பின் இடைநிலைத் தேர்வில் இரண்டு குரூப் தாள்களும் தேறி, ஆடிட்டரிடம் மூன்றாண்டுப் பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப்பையும் முடித்துவிட்டார். இறுதித் தேர்வில் இரண்டு முறை தவறிவிட்டது. இப்போது காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சம்பளத்துக்கு இருக்கிறார். “காலையில் கணினியைத் திறக்கவே கை வரவில்லை, ஐயா. ரிட்டர்ன், வவுச்சர், டிக், மறுபடி ரிட்டர்ன். இதிலேயே ஆயுள் போய்விடுமா? சென்னைக்குப் போகலாமா? எல்லாவற்றையும் இனிச் செயற்கை நுண்ணறிவே செய்துவிடும் என்கிறார்களே, அதற்குள் வேறு தொழில் பார்த்துக்கொள்ளலாமா? அப்பா ஊரிலேயே இரு என்கிறார்” என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, காரைக்குடியில் நான் ஆடிட்டராக உட்கார்ந்து முப்பது ஆண்டுக்கு நெருக்கமாகிறது. என்னிடம் ஆர்ட்டிகிளாக இருந்தவர்களில் பாதிப் பேராவது நீங்கள் எழுதிய இதே வரிகளை என் மேசைக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஊக்கமூட்டும் பேச்சு எதுவும் என்னிடம் கிடையாது. அப்படிப்பட்ட பேச்சைக் கேட்டுவிட்டு வந்த பையன் மறுநாள் காலையில் அதே வவுச்சர் கட்டின் முன்னால்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

உங்கள் அலுப்புக்கு வேலைப் பளு காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்தக் கணக்கையும் ஆரம்ப இருப்பிலிருந்து, ஆண்டு முடிவில் சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகை வரை முழுதாக நீங்கள் பார்த்ததில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. ஒருவர் வரவு செலவுச் சீட்டான வவுச்சரைப் பார்க்கிறார், ஒருவர் வங்கி இருப்பை ஒத்துப் பார்க்கிறார், ஒருவர் வரி ரிட்டர்ன் போடுகிறார், ஐந்தொகை எங்கோ உள்ளறையில் தயாராகிறது. கையெழுத்தான பிறகு அதைப் புரட்டிப் பார்க்கக்கூட உங்களுக்குக் கிடைப்பதில்லை. விருந்துச் சமையலில் ஐந்து வருடம் வெங்காயம் மட்டும் உரித்தவர் சமையல் அலுத்துவிட்டது என்றால், அவர் இன்னும் சமைக்கவே இல்லை என்றுதான் சொல்வேன்.

எனக்கும் இது நடந்தது. 1990-களின் தொடக்கம். நான் முதலில் சேர்ந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஓராண்டு முழுக்கப் பச்சை மையில் டிக் போட்டேன். எதற்கு என்று கேட்டால், “போடச் சொன்னதைப் போடு” என்பதுதான் பதில். வங்கித் தேர்வு எழுதப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்துவிட்டு, விண்ணப்பமும் வாங்கி வந்துவிட்டேன். அந்தச் சமயத்தில் ஆள் பற்றாக்குறையால் ஆத்தங்குடியில் ஒரு தரைக்கல் பட்டறையின் கணக்கு என் தலையில் விழுந்தது. கையால் எழுதிய பேரேடு. பற்றும் வரவும் ஒத்துவர வேண்டிய இருப்பாய்வில் 630 ரூபாய் இடித்தது. முதலில் பாதியை, அதாவது 315-ஐத் தேடினேன். பற்றில் வர வேண்டியது வரவில் ஏறியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும். கிடைக்கவில்லை. பிறகு ஒன்பதால் வகுத்தேன். மீதியில்லாமல் 70 வந்தது. அப்படியானால் நூறும் பத்தும் உள்ள இடங்களில் ஏழு வித்தியாசமுள்ள இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் அகப்பட்டது. ரொக்கப் புத்தகத்தில் ஒரு வாரக் கூலி 4,810, பேரேட்டில் 4,180.

அதோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் மற்ற வாரங்களில் மூவாயிரத்தைத் தாண்டாத கூலி அந்த வாரம் மட்டும் ஏன் ஏறியது என்று கேட்கத் தோன்றியது. பட்டறைக்காரர் பதில் சொல்லாமல் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. வண்ணச் சிமெண்ட் கரைசலை ஒருவர் கரண்டியால் ஊற்ற, இன்னொருவர் அச்சைத் தூக்கிவிட்டு மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையை அப்பினார். காய்ந்த கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, மறுபடி வெயிலில் வைத்துக் கண்ணாடியிலிருந்து பிரிக்க வேண்டும். “அந்த வாரம் ஐப்பசி அடைமழை, தம்பி. பிரிக்கும்போது பூவெல்லாம் கண்ணாடியோடு போய்விட்டது. ஒரு வீட்டுக் கல் முழுவதையும் திரும்பப் போட்டோம்” என்றார். சுவரோரம் வீணான கல் அடுக்கியிருந்தது. அடுக்கை எண்ணிப் பார்த்தேன். மார்ச் கடைசி இருப்புப் பட்டியலில் அதே எண்ணிக்கை, நல்ல கல்லின் விலையில் ஏறியிருந்தது. அந்த ஆண்டு லாபம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்ததில் ஒரு பகுதி அந்தச் சுவரோரத்தில் உடைந்து கிடந்தது. வங்கித் தேர்வு விண்ணப்பத்தை நான் நிரப்பவில்லை.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு கணக்குத் தொழிலில் எப்படி மேலே வருவது என்று கேட்பது வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை. என் தாத்தா ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளை. கடல் கடந்த வட்டிக் கடைகளிலிருந்து மாதந்தோறும் வரும் கணக்கை வாங்கிச் சரிபார்ப்பது அவர் வேலை. ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று எங்கே கடை இருந்தாலும் ஏணி ஒன்றுதான். பையன் பெட்டியடியில், அதாவது கடையின் முதல் படியில், சேருவான். பழைய வாய்ப்பாட்டுப் புத்தகமான எண்சுவடியில் முந்திரி என்கிற 320-இல் ஒரு பங்கு வரைக்கும் மனப்பாடம், வட்டியை வாயால் சொல்ல வேண்டும். தேறினால் அடுத்தாள். அதற்கும் மேலே கடையையே நடத்துகிற மேலாள். ஒவ்வொரு படியிலும் சம்பளம் கூடியது உண்மைதான். அதைவிட, கண்ணில் படும் கணக்கின் அகலம் கூடியது. பெட்டியடியில் ரொக்கம் மட்டும் தெரியும்; அடுத்தாளுக்குப் பேரேடு தெரியும்; மேலாளுக்கு யாருக்குக் கொடுக்கலாம், யாரிடம் வராது என்பதும் தெரியும்.

இன்னொன்று, காலக்கெடு. ஒருவர் கடைக்குப் போவது மூன்றாண்டுக்கு. சம்பளச் சீட்டு எழுதி, ஒரு பகுதியை முன்பணமாக வீட்டில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறுவார். தவணை முடிந்ததும் கணக்கை முடித்து, அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பிச் சில மாதம் வீட்டில் இருப்பார். அந்த ஏற்பாட்டை நான் பொற்காலமாக வர்ணிக்க மாட்டேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அம்மாவை விட்டுப் போனார்கள். 1930-களின் விலை வீழ்ச்சியில் பர்மா விவசாயிகளின் நிலம் கைமாறிய கதையும் அதே பேரேடுகளில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மனிதன் முடிவில்லாமல் கணக்கு எழுதிக்கொண்டே இருக்க முடியாது, நடுநடுவே கோடு கிழித்து இருப்புக் கட்ட வேண்டும் என்பதை அவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள். உங்கள் ஐந்தாண்டில் எங்கேயாவது கோடு கிழித்திருக்கிறீர்களா?

ஆகவே முதல் காரியம், உங்கள் ஆடிட்டரிடம் போய் ஒரே ஒரு சிறிய கணக்கை முழுதாகக் கேளுங்கள். “ஒரு அரிசி மண்டியோ மருந்துக் கடையோ போதும் ஐயா, வவுச்சரிலிருந்து வரி ரிட்டர்ன் வரைக்கும் நானே தயார் செய்து உங்களிடம் கொண்டுவருகிறேன், நீங்கள் பார்த்துத் திருத்துங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு அப்படிக் கேட்கிற பையனைப் பிடிக்கும். எல்லா ஆடிட்டருக்கும் பிடிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஓராண்டில் இரண்டு முறை கேட்டும் கொடுக்கவில்லை என்றால் இடம் மாறுங்கள். சம்பளம் போதாமல் மாறுவதைவிட இது நல்ல காரணம்.

தேதிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். ஏழாம் தேதி, பிடித்த வரியான டி.டி.எஸ்.; பதினொன்று, ஜி.எஸ்.டி. விற்பனைப் பட்டியலான ஜி.எஸ்.டி.ஆர்.-1; பதினான்கில் கொள்முதல் வரிப் பட்டியலான 2பி வரும்; இருபதில் வரி கட்டும் படிவமான 3பி. இவற்றுக்கு நடுவில் மாதத்தில் எட்டு ஒன்பது நாள் இளைப்பாறக் கிடைக்கும். அந்த நாட்களை விட்டுவிட்டு, கெடு நெருங்கும் செப்டம்பர் கடைசி வாரத்தில் இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து எழுதுவதை நம் அலுவலகங்களில் வீரமாகப் பேசுகிறார்கள். நான் அதை ஜூன் மாதத்துச் சோம்பலின் வட்டி என்பேன். என் அலுவலகத்தில் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் பையன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடுப்பு கொடுக்க வேண்டும் என்பதற்காகவே டிசம்பர் வேலையை டிசம்பரிலேயே முடிக்கிறோம். வேண்டுதலுக்குக் கட்டுப்பட்டாவது காலத்தில் வேலை முடிகிறது.

தேர்வைப் பற்றி. ஒவ்வொரு தாளிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் என்ற கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்கள் தவறிய இரண்டு முறையும் தாள்கள் தேறி மொத்தத்தில் போயிற்றா, அல்லது ஒரே தாளில் போயிற்றா என்று எழுதவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. மொத்தத்தில் போனால், உங்களுக்குக் கைவந்த தாளில் இன்னும் இருபது மதிப்பெண் ஏற்றுவதுதான் எளிது. வராத தாளோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரே தாளில் போனால் அந்தத் தாளின் வேலையை அலுவலகத்தில் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். 2025-இல் இறுதித் தேர்வையும் ஆண்டுக்கு மூன்று முறை நடத்தத் தொடங்கினார்கள். நல்லதுதான். ஆனால் வாய்ப்பு கூடியது என்பதற்காக ஒவ்வொரு முறையும் அரைகுறையாக எழுதப்போகிறவர்களையும் பார்க்கிறேன். ஒரு முறைக்கு நான்கு மாதம் முழுதாகக் கொடுங்கள், வேலையை விட்டாவது. அதிலும் வரவில்லை என்றால் சி.ஏ. இல்லாமலே நல்ல கணக்கராக வாழலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. நம் ஊரில் பெரிய நிறுவனங்களின் கணக்கைக் கட்டி ஆள்பவர்கள் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். பாதியில் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு தீபாவளிக்கும் “அடுத்த முறை” என்று உறவினரிடம் சொல்லிக்கொண்டிருப்பதுதான் ஆளைத் தின்றுவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எதில் தேர்ச்சி பெறுவது என்று தெரியாமல் இணையத்தில் படிப்புகளைத் தேடிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தெருவில் இறங்கி நடந்து பாருங்கள், தம்பி.

செட்டிநாட்டுப் பெரிய வீடான வளவு வீடு ஒன்று விற்பனைக்கு வருகிறது என்று வையுங்கள். கட்டியவர் கொள்ளுத்தாத்தா. இன்றைக்குப் பங்காளிகள் பதினேழு பேர். மூவர் ஊரில், எட்டுப் பேர் சென்னையிலும் கோவையிலும், நான்கு பேர் மலேசியாவில், இருவர் அமெரிக்காவில். வீடு வாங்கிய விலைக்குப் பத்திரமே இருக்காது. ஆகவே 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அது பத்திரப் பதிவுக்கு அரசு வைத்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அந்தப் பழைய வழிகாட்டி மதிப்பைப் பதிவு அலுவலகத்தில் தேடி எடுப்பதற்கே ஒரு பொறுமை வேண்டும். 2024 ஜூலை 23 முதல் விற்ற லாபத்துக்கு வரி 12.5 சதவீதம், விலைவாசி ஏற்றத்துக்கான பணவீக்கக் கழிவு கிடையாது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலம், வீட்டுக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பழைய முறைப்படி கழிவோடு 20 சதவீதம் என்று கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். கோலாலம்பூரில் இருக்கும் தம்பிக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரே வீடு, ஒரே பங்கு, அண்ணனுக்கு ஒரு வரி, தம்பிக்கு ஒரு வரி. அதோடு வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கொடுக்கும் தொகையில் வாங்குகிறவர் வரி பிடித்துத்தான் கொடுக்க வேண்டும். அதைக் குறைக்க முன்கூட்டியே துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். பத்திரப் பதிவுக்கு நாள் குறித்து, மலேசியாக்காரர் விமானத்தில் வந்து இறங்கிய பிறகு இதை நினைத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தவர்கள் உண்டு. தேக்குத் தூணையும் நிலையையும் பெயர்த்துக் காரைக்குடிப் பழம்பொருள் கடையில் முன்பே விற்றுவிட்டார்கள் என்றால் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது? யோசித்துப் பாருங்கள், தூக்கம் வராது. அலுப்பும் வராது.

விற்காத வீடு விடுதியாகிறது. கானாடுகாத்தானில் ஓர் அறைக்கு இரவு வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், செலவுகளில் கட்டிய ஜி.எஸ்.டி.யான உள்ளீட்டு வரியை எடுத்துக் கழிக்க முடியாது. அதைத் தாண்டினால் 18, உள்ளீட்டு வரி எடுக்கலாம். சீசனில் 8,000, மற்ற நாளில் 6,000 என்று வாடகை போடுகிறவருக்கு எந்தச் செலவில் எவ்வளவு உள்ளீட்டு வரி எடுக்கலாம் என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். அப்புறம் அறக்கட்டளைகள். கோயில், பாடசாலை, காசியிலும் ராமேஸ்வரத்திலும் உள்ள விடுதிகள். பதிவைப் புதுப்பிக்க மறந்து வரிவிலக்கை இழந்துவிட்டுக் கையைப் பிசைகிற நிர்வாகிகளை நான் பார்த்திருக்கிறேன். பெரிய மனிதர்கள், நேர்மையானவர்கள். படிவம் மட்டும் தெரியாதவர்கள். சென்னையில் பெரிய நிறுவனத்தில் உட்கார்ந்தால் இந்த மூன்றும் சேர்ந்து ஒரே மேசைக்கு வருவது அரிது.

இன்னொரு அதிர்ஷ்டமும் உங்கள் வயதுக்கு வாய்த்திருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறை என்று ஆயிற்று. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக் குழப்பம் போய் ‘வரி ஆண்டு’ என்று ஒன்று வந்திருக்கிறது. எனக்கு நாக்கு நுனியில் இருந்த பிரிவு எண்கள் எல்லாம் செல்லாக்காசாகிவிட்டன. 80சி, 195, 44ஏபி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இனி யாரிடம் சொல்ல? முப்பது ஆண்டு மூத்தவனும் நீங்களும் ஒரே நாளில் ஒரே பாடத்தைத் தொடங்குவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்காது. தினம் பத்துப் பிரிவு படித்தால் இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம். மொத்தம் 536 தான்.

செயற்கை நுண்ணறிவு பற்றிய பயம். வங்கிக் கணக்கு அறிக்கையிலிருந்து பதிவு போடுவது, பில்லைப் படித்து ஏற்றுவது, 2பி-யோடு ஒப்பிடுவது எல்லாம் போகும். பாதி ஏற்கெனவே போய்விட்டது. அழாதீர்கள், உங்களை அலுப்பாக்கியதே அவைதானே. ஆத்தங்குடிச் சுவரோரத்தில் கல் உடைந்து கிடப்பதை எந்த மென்பொருளும் போய்ப் பார்க்காது. பங்காளி பதினேழு பேரை ஒரு தாளில் கையெழுத்துப் போடவைக்கவும் செய்யாது. அதற்குப் போகிற ஆளாக நீங்கள் ஆக வேண்டும். தட்டச்சு வேகத்தை மட்டும் நம்பியிருந்தால் பயம் நியாயமானதுதான்.

மனம் சோர்வதற்கு வேறொரு காரணமும் உண்டு, அதை நீங்கள் எழுதவில்லை. எழுதாமலிருந்தால் இல்லை என்று ஆகாது. தெரியாத தொகையை அனாமத்தில் போடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். பிறகு யாரும் பார்ப்பதில்லை. இல்லாத இருப்பைக் காட்டு, கடன் வாங்க லாபத்தை ஏற்று, வரிக்கு இறக்கு என்று கட்சிக்காரர், அதாவது நம்மிடம் கணக்கைக் கொடுத்தவர், கேட்பார். ஒருமுறை செய்துவிட்டால் அடுத்த மார்ச் வரும்போதே வயிறு கலங்கும். அந்தக் கலக்கத்தை நாம் அலுப்பு என்று தப்பாகப் பெயர் வைத்துக்கொள்கிறோம். என் கணக்கில் மூன்று நல்ல கட்சிக்காரர்களை இதற்காகவே அனுப்பிவிட்டேன். ஒருவருக்காக இப்போதும் வருந்துகிறேன், பீஸ் நன்றாகக் கொடுத்தவர். உங்கள் மேசையில் அனாமத்துக் கணக்கு எத்தனை லட்சத்தில் நிற்கிறது என்று இந்த வாரம் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றாகப் பேர் கண்டுபிடித்து இறக்குங்கள். இறங்கிய அன்று இரவு தூங்கிப் பாருங்கள்.

சென்னையா, ஊரா? 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. அந்தக் காலத்து ஆட்களுக்கு இது ஊரா வெளியூரா என்ற கேள்வியாகவே இருந்ததில்லை. போனார்கள், வந்தார்கள். நீங்களும் ஒரு முறை போய் வாருங்கள் என்றுதான் சொல்வேன், தேர்வு முடிந்த பிறகு. நகர வாழ்க்கைக்காகப் போக வேண்டாம். வெளிநாட்டு வசிப்பாளர் வரி, அறக்கட்டளைத் தணிக்கை, கம்பெனித் தணிக்கை, இதில் ஒன்றைக் கற்க என்று போங்கள். வேலைக்குச் சேருமுன் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “மூன்றாம் ஆண்டு முடிவில் நான் தனியாக எதைத் தயாரிக்கத் தெரிந்தவனாக இருப்பேன்?” பதில் மழுப்பலாக இருந்தால் சம்பளம் எவ்வளவு ஆனாலும் பஸ் ஏறாதீர்கள்.

அப்பாவிடம் வாதம் வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: போகிற தேதி, திரும்புகிற தேதி, என்ன கற்றுவரப் போகிறேன், மாதம் வீட்டுக்கு எவ்வளவு. கீழே கையெழுத்து. தேவகோட்டை அப்பாக்களுக்கு அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.